மூச்சு விட வந்தவர்கள்

மூக்கடைத்து, வாயைத் திறந்தபடி விடிய விடியப் புரண்ட ஒரு ராத்திரியாவது உங்களுக்கும் இருந்திருக்கும். எங்கள் வார்டு ஓடுவதே அப்படிப் புரண்டவர்களை வைத்துத்தான்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே செய்யும் மூக்கு ஆபரேஷனில் முகத்தில் கத்தியே படாது. பென்சிலைவிட மெல்லிய கேமராக் குழாயை மூக்குத் துவாரத்தில் விட்டு, வளைந்த தண்டை நேராக்குவார், அடைத்த சதையை எடுப்பார் எங்கள் டாக்டரம்மா. வலியும் குறைவு, தழும்பும் கிடையாது. வருகிறவர்களின் கதைகள்தான் அப்படி இல்லை.

துணிப்பட்டை

ரத்தம் கசியாமல் இருக்க மூக்குக்குள் நீளத் துணிப்பட்டையை மடித்து அடைத்திருப்போம். மறுநாள் அதை உருவுவோம். உருவிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது வந்துகொண்டே இருக்கும். ரைஸ்மில் ஓனர் ஒருத்தர், "வலியெல்லாம் நம்மள ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். உருவி முடித்தபோது என் கையை விடாமல் பிடித்திருந்தார். கண்ணில் நீர். தட்டில் கிடந்த பட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, மூளையும் சேர்த்து உருவிப்போட்டீங்களா?"

பாத்ரூமில் விழுந்தவர்

மதுக்கரையிலிருந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூக்குத்தண்டு ஒரே பக்கமாக மடங்கியிருந்தது. எப்படி ஆயிற்று என்று டாக்டரம்மா அவளைத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற புருஷன் பதில் சொன்னான், "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் அவளும் பக்கத்தில் நானும் மட்டும் இருந்தோம். அப்போதுதான் என் கோட்டை இழுத்து மெதுவாக ஒன்று கேட்டாள். கேட்டதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து அவள் தெளிந்ததும் புருஷனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, போலீசில் சொல்லலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்று தலையாட்டினாள். அண்ணன் நம்பரை மட்டும் சொன்னாள். டிஸ்சார்ஜ் அன்று அண்ணன் கார் எடுத்து வந்து, பல்லடத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். புருஷன் கத்தினான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தியேட்டர் வாசலில் அவள் கேட்டது இதுதான்:

"நேராக்கி அனுப்புனா, மறுபடியும் குத்த மாட்டாருங்களா?"

வெந்நீர்

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர். மூக்கு நிறையச் சதை வளர்ந்து, பல வருஷமாக வாசமே தெரியாது. ஒரு காலையில், சளிக்காய்ச்சலில் படுத்திருந்த மனைவிக்கு வெந்நீர் வைக்கப் போயிருக்கிறார். சமையலறை பூராவும் கேஸ் கசிந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. லைட்டரை அழுத்தினார். அந்த அம்மா ஓடி வந்து அவரை வெளியே தள்ளினார். சேலையில் தீ பிடித்துவிட்டது.

அவர் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. இரண்டு கையிலும் தீத்தழும்பு. ஆபரேஷன் நன்றாக நடந்தது. சில வாரம் கழித்துக் காட்ட வந்தவரிடம், வாசம் தெரிகிறதா என்று கேட்டேன். முதல் முதலாகத் தெரிந்தது பீரோவுக்குள் இருந்த மனைவியின் சேலை வாசம் என்றார்.

"அப்பறம் பீரோவத் தொறக்கறதே இல்லீங்க, தொறந்தா வாசம் போயிருமுங்க."

ஒரு பக்க அடைப்பு

மர வேலைக்காரர் ஒருத்தருக்கு வலது பக்கம் மட்டும் அடைப்பு, அவ்வப்போது ரத்தம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புற்றுநோய் என்று வந்தது. மரத்தூளைப் பல வருஷம் சுவாசித்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று டாக்டரம்மா அவர் மகனிடம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காப்பாற்ற முடியவில்லை.

காரியம் முடிந்து மகன் மொட்டைத் தலையோடு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து காட்டினார்.

"நானும் அதே பட்டறைலதானுங்க நிக்கறேன், எனக்கும் ஒருக்கா குழாய் உட்டுப் பாத்துருங்க."

இத்தனையும் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் இடது மூக்கு ரொம்ப நாளாக அடைப்புதான், டாக்டரம்மாவிடம் காட்டத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.