அப்பாவின் லோரியும் புது டிரைவரும்

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் லோரி ஓட்டினார். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிற வேலை. முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு கிளட்சை மிதிக்க முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதம் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அது பொறுக்காமல் என் கம்ப்யூட்டரில் லோரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, மேசையில் ஒரு ஸ்டியரிங்கையும் பூட்டிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வாழ்நாளில் சி ரூசா கடற்கரையைத் தாண்டி லோரியைக் கொண்டுபோகாத மனிதர், காலையில் பசியாறிய கையோடு பனிமலையில் ஏறிவிடுவார். சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டுதான் உட்காருவார். வளைவுக்கு வளைவு ஹாரன் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரஹாங்கிலிருந்து அவருடைய கூட்டாளி சாப்பிட வருவதாக இருந்தது. லோரியில் அப்பாவோடு கூடவே போய்க் குலை ஏற்றியவர் அவர். அந்த வேலைக்காரரைத் தோட்டத்தில் கெலிண்டான் என்பார்கள். அவருக்குப் பனிமலையைக் காட்ட வேண்டும் என்று அப்பா ஒரு வாரமாகவே துடித்துக்கொண்டிருந்தார். படம் இன்னும் துல்லியமாகத் தெரியட்டுமே என்று, கோயிலிலிருந்து வந்ததும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பித்தேன். பாதியில் திரை கறுத்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, படம் மட்டும் வரவில்லை.

"ரோசாக்கா பாப்பா?" என்றார் அப்பா. கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார்.

"டிரைவர மாத்துனேன்பா. புது டிரைவர் சரியில்ல போல."

அப்பாவின் முகம் மாறியது. "டிரைவர மாத்திட்டியா? அப்ப நான் யாரு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரையில் படத்தைக் காட்டுவது அந்தக் கார்டு, அதை எப்படி வேலை வாங்குவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்று விளக்கினேன்.

"நல்லா ஓட்டிக்கிட்டு இருந்தவன ஏன்லா மாத்துன?" என்றார்.

முதலில் கார்டைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி அழுத்திப் பொருத்தினேன். அப்பா டார்ச் பிடித்தார். பயனில்லை. அடுத்து, திரையின் கேபிளைக் கார்டிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கம் கார்டின் உதவியில்லாமல் படம் காட்டும் இன்னொரு துளையில் செருகினேன். படம் வந்தது. அப்படியானால் திரையில் கோளாறில்லை. புது டிரைவரை நீக்கிவிட்டு, பத்திரமாக வைத்திருந்த பழைய டிரைவரைப் போட்டு, கேபிளைக் கார்டுக்கே மாற்றினேன். பளிச்சென்று வந்தது! கார்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பா கைதட்டினார். தட்டி முடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, திரை கறுத்தது.

திரும்பவும் நீக்கினேன், திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதே பத்து நிமிஷம், அதே கறுப்பு. சுங்கை காடுட் தொழிற்சாலையில் நாள்தோறும் மற்றவர்கள் விட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டில் என் பிழையே எனக்குப் பிடிபடவில்லை. அப்பா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் முறை போட்டேன். பத்து நிமிஷம் போனது. கால் மணி, அரை மணி. படம் போகவில்லை. எதையும் புதிதாகச் செய்யாமல் எப்படிச் சரியானது? யோசித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அம்மா தலையை நீட்டினார்.

"பாப்பா, வைஃபை பெட்டி வயர நான்தான் புடுங்குனேன். தேங்கா அரைக்க பிளெண்டருக்கு பிளக் பத்தல. திட்டாத."

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். கையில் கரண்டியோடு மிரண்டு நின்றார். நான் பழைய டிரைவரைப் போடப் போட, கம்ப்யூட்டர் தானாகவே இணையத்திலிருந்து புதியதை இறக்கி அதன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறது! அம்மா வயரைப் பிடுங்கியதால் அதற்கு வழியில்லாமல் போய்விட்டது. உடனே உட்கார்ந்து, இனி டிரைவர் பக்கம் நீயாகப் போகாதே என்று கம்ப்யூட்டரின் அமைப்பில் மாற்றி வைத்தேன். பெட்டியை மீண்டும் செருகிப் பார்த்தேன். திரை கறுக்காமல் அப்படியே இருந்தது.

"ரெண்டு மணி நேரமா நீங்க ரெண்டு பேரும் செஞ்ச வேலய என் தேங்கா செஞ்சிருச்சி," என்றார் அம்மா.

கூட்டாளி வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் அப்பா அவரை இழுத்துவந்து தன் இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பனிமலையைப் பார்த்தவர், "ஐயோ, பிரேக்கு பத்திரம்லா!" என்று நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். மலை இறங்கி ஒரு கிடங்கை அடைந்தார்கள். லோரியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். அப்பா ரிவர்ஸ் கியர் போட்டதுதான் தாமதம், கூட்டாளி சட்டென்று எழுந்தார். மேசையைச் சுற்றிப்போய்த் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"வா, வா, வா... ஒடி, இன்னும் ஒடி... வா!"

அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது திரையின் முதுகுதான். அப்பாவோ அவர் குரலுக்கு ஏற்ப ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். கூட்டாளி மேசையில் பட் பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா பிரேக்கை மிதித்தார். லோரி கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.