ஒரே ஒரு வாக்கு

போன வருடம் கிளிநொச்சியில் சிறந்த பாடகருக்கான விருதுக்கு எனக்கும் ஒரு வாக்கு இருந்தது. திருவிழாக்களில் கீபோர்ட் வாசிக்கிறவன் என்பதால் எங்கள் பகுதிக் கலைஞர்களோடு சேர்த்து எனக்கும் வாக்குச்சீட்டு அனுப்பியிருந்தார்கள். போட்டியாளர்களின் பாட்டுகள் போனுக்கு வந்தன. ஒன்றையும் திறந்து கேட்கவில்லை. தெரிந்த பெயரைத் தேடிப் புள்ளடி போட்டேன், வேலை முடிந்தது.

அவர் என் கலியாணத்தில் பாடியவர். ஊரில் யார் வீட்டு நல்லது கெட்டதென்றாலும் முன்னுக்கு வந்து நிற்பவர். அப்படிப்பட்டவருக்குப் போடாமல் விட்டால் பிறகு எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்பது? தொண்டை வருத்தத்தால் அந்த வருடம் முழுக்க அவர் ஒரு பாட்டும் பாடவில்லை, பழைய பாட்டொன்றை வைத்துத்தான் பட்டியலில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

பட்டியலின் அடியில் ஒரு ரொக் பாடகி இருந்தாள், முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சத்தம் கூட என்று அவளைக் கோயில்காரரும் கூப்பிடுவதில்லை, சேர்ச் பெருநாளுக்கும் கூப்பிடுவதில்லை. விருது கிடைத்தால் கொழும்பில் ஒரு பெரிய மேடை கிடைக்கும். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

விழாவன்று முடிவை அறிவிப்பதற்கு முன் அவளைப் பாடவிட்டார்கள். காதைப் பொத்தத் தயாராகத்தான் நானும் இருந்தேன். நடுக்கடலில் தகப்பனின் வள்ளத்து இயந்திரம் நின்றுபோன நாளைப் பற்றிய பாட்டு. ட்ரம்ஸ் அடித்த அடியில் நெஞ்சு அதிர்ந்தது. அவள் குரல் அழவில்லை, கடலை அதட்டியது. ஓரிடத்தில் கிற்றாரும் ட்ரம்ஸும் சட்டென்று நின்றன. 'வா' என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் இழுத்துக்கொண்டே போனாள். இருபது வருடமாகப் பாடகர்களுக்குப் பின்னால் இருந்து வாசித்தவன் நான். யார் பாடினாலும் என் விரல்கள் சுரத்தைத் தேடித் தொடையில் தாளம் போடும். அன்று அவை அசையவே இல்லை. மனிசத் தொண்டைக்குள் இவ்வளவு இருக்குமா என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

இறங்கி வந்தவளிடம் ஓடிப்போனேன்.

"தங்கச்சி, நான் உங்களுக்குத்தான் போட்டனான்."

எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

"உண்மையாவோ அண்ணை?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற தவில்காரரும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சொன்னார்.

ஒளிவுமறைவு இல்லை என்று காட்டுவதற்காக அறிவிப்பாளர் ஒவ்வொருவருக்கும் விழுந்த வாக்குகளையும் வாசித்தார். பாடாதவர் எங்கோ முன்னுக்கு நின்றார். அவளுக்கு ஒன்று. வெட்கக்கேடு, அந்த ஒன்று என்னுடையது என்று அவள் நினைப்பாள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது.

போகிற வழியில் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணை, எங்கட குழுவிலை எனக்கு மட்டும்தான் சீட்டு வந்தது. அந்த ஒண்டு நான் எனக்குப் போட்டது."

குரலில் கோபம் இல்லை.

"பாட்டுப் பிடிச்சது எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே. எனக்கு அது காணும்."

"சத்தியமாப் பிடிச்சது, தங்கச்சி."

"ஓம் அண்ணை," என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் அதை நம்பவில்லை.