உசனார் நானாவின் யானையும் தலைப்பிறையும்

ஏழாவது உதைக்கும் வண்டி பிடிக்கவில்லை. உசனார் நானா காலை எடுத்துக் கீழே ஊன்றினார். பிரயாண துஆவை மறுபடியும் முதலிலிருந்து ஓதத் தொடங்கினார்.

ஓர் உதைக்கு ஒரு துஆ என்பது அவருடைய ஒழுங்கு. ஓதிய துஆவுக்கு வண்டி கிளம்பவில்லை என்றால் அது செலவாகிவிட்டது, அடுத்த உதைக்குப் புதிதாக ஓத வேண்டும் என்பார். கண்டக்குழியில் அவருடைய வேலிக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த துஆ ஒரு மாரிக்குள் மனப்பாடமாகிவிடும். மதரஸாவில் அதற்கு முழுப் புள்ளி வாங்குகிறவர்கள் அந்தத் தெருப் பிள்ளைகள்தான்.

“அந்த பிளக்க மாத்தினா ஒரே உதையில பிடிக்குமே” என்று மனைவி சித்தி லெய்லா குசினியிலிருந்து சொல்வார்.

“ஒரே உதையில பிடிச்சா ஒரு துஆதான் ஓதுப்படும். நன்மை கொறைஞ்சி போகாதா?”

“அப்ப டயரையும் மாத்தாதீங்க. காத்துப் போற நேரமெல்லாம் யாஸீன் ஓதலாம்.”

வண்டி, ஒரு காலத்தில் தபால் சுமந்த சிவப்பு மோட்டார் சைக்கிள். தபால்காரரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், அவரிடமிருந்து வேறொருவருக்குப் போய், யாரும் வேண்டாம் என்ற நிலையில் உசனார் நானாவிடம் வந்து சேர்ந்தது. பின்னால் ஒரு பலகைப் பெட்டி. பெட்டிக்குள் கருவாடு: கட்டா, சீலா, சாளை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முதுகில் அடிக்கும் மாதங்களில் வண்டிச் சத்தத்துக்கு முன்னால் வாசம் போய்ச் சேரும். கற்பிட்டித் தெருக்களில் முதலில் பூனைகள் வாசலுக்கு வரும், பிறகு பெண்கள் வருவார்கள், கடைசியாகத்தான் உசனார் நானா வருவார். தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் ஹெல்மட். ஸலாம் சொல்லும்போது ஹெல்மட்டைக் கழற்றுவார். ஹெல்மட்டுக்குள் இருந்து சொன்ன ஸலாம் பாதியில் நின்றுவிடும் என்பது அவர் கருத்து. இதனால் அரை மணித்தியாலப் பயணம் ஒன்றரை மணித்தியாலம் ஆகும்.

ஆனால் ஊர் அவரை அறிந்தது கருவாட்டால் அல்ல, கதையால். கால் கிலோ சாளை வாங்க வந்த பெண், ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. சிலாபத்தில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போனபோது வண்டியை ஓட்டி அக்கரை சேர்த்த கதை. அநுராதபுரத்தில் பெற்றோல் தீர்ந்து, தேங்காய் எண்ணெயில் வீடு வந்த கதை. எல்லாவற்றுக்கும் மேலே யானைக் கதை.

தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரின் முசலிப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர் அவர். யுத்தம் முடிந்து, இலவங்குளத்தால் காட்டுப் பாதையைத் திறந்துவிட்ட முதல் கிழமையே, சொந்த ஊரைப் பார்க்க வண்டியை எடுத்துவிட்டார். பின்னால், கருவாட்டுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், கடற்கரையில் மீன் வாடிக் குடில் வைத்திருக்கும் பீற்றர். ஆற்றுக்குக் குறுக்கே தாழக் கிடக்கும் சப்பாத்துப் பாலத்தைத் தாண்டி, வில்பத்துக் காட்டுக்குள் போகிறார்கள். நடுப்பாதையில் யானை.

முதல் வருடம் அது ஒரு யானை. அடுத்த வருடம் அதற்கு ஒரு குட்டி இருந்தது. மூன்றாம் வருடம் கொம்பன் ஒன்று வந்து சேர்ந்தது. நல்ல காடு என்றால் யானை பெருகத்தானே செய்யும். ஆறாம் வருடம் ஏழு யானைகளும் வரிசையில் நின்று, உசனார் நானா ஆயத்துல் குர்ஸி ஓதி முடிக்கும்வரை காதை ஆட்டாமல் கேட்டுவிட்டு ஒதுங்கின.

“ஊருக்குப் போனீங்களே நானா, வீடு எப்பிடி இருந்த?” என்று யாராவது கேட்டால், “இரிங்க, யானைய இன்னும் சொல்லி முடிக்கல்ல” என்பார்.

இப்படியிருக்க, ஒரு ஷஃபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் வந்தது. அன்று மாலை மஃரிபுக்குப் பிறை தெரிந்தால் மறுநாள் தலைநோன்பு. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் கழியும். அந்த ஒரு நாளை நம்பித்தான் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் அத்தாஉல்லா ஹாஜியார் மகளின் கலியாண விருந்தை மறுநாள் பகலுக்கு வைத்திருந்தார். நூறு சஹன் சோறு. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் தட்டம் ஒரு சஹன் என்று கணக்குப் பார்த்தால் ஊரே அடங்கும். மாடுகள் அறுத்தாயிற்று. வானமும் ஹாஜியாரின் அழைப்பை ஏற்றுக்கொண்டதுபோல் மூன்று நாளாக மூடிக் கிடந்தது. அன்று பிறை தெரியக் கூடாது என்று மனதுக்குள் துஆக் கேட்டவர்களை அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர்கள் கொஞ்சப் பேர் அல்ல.

உசனார் நானாவுக்கும் அழைப்பு இருந்தது. அன்று பொழுதுபடும் நேரம் அவர் கருவாடு எடுக்க, கண்டக்குழிக் கரையில் பீற்றரின் வாடியில் நின்றார். சூரியன் இறங்கியது. மேற்கே மேகம் ஒரு முழ அகலத்துக்கு விலகியது.

“நானா, அங்க பாருங்க” என்றார் பீற்றர். “நகம் வெட்டிப் போட்ட மாதிரி.”

பார்த்தார். கலிமா சொன்னார். கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறை அதே இடத்தில்தான் இருந்தது. பிறகு மேகம் மூடிக்கொண்டது.

“மௌலவிக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்களேன்” என்றார் பீற்றர்.

“சாட்சிய போனில அனுப்புறதா? ஆள் போய் முன்னால நிக்கணும். ஏறுங்க.”

“நான் எதுக்கு? வேதக்காரன்ட பிறை உங்களுக்குச் செல்லாதே.”

“எனக்குத் துணைக்கு.”

மணலிலேயே மஃரிபைத் தொழுதார். வண்டியில் ஏறி துஆவைத் தொடங்கினார். பாதிதான் ஓதியிருப்பார், அன்று பார்த்து முதல் உதையிலேயே பிடித்துவிட்டது. மீதியை ஓடிக்கொண்டே ஓதினார்.

எத்தனையோ பயணங்களைச் சொன்ன மனிதருக்கு, சொல்லாமலே பெரிதாக இருந்த பயணம் அதுதான். தென்னந்தோப்பு இரண்டு பக்கமும் இரைந்தது. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் வீசிய குழாய், முகத்திலும் ஒரு வீச்சு வீசியது. வாய்க்குள் உப்புக் காற்று. ஊரார் காணாத ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒரு முழு ஊரை நோக்கி ஓடுகிறோம் என்ற நினைப்பில் அவருக்குச் சிரிப்பு வந்தது. வழியில் நின்ற நாலு பேருக்கு ஸலாம் சொல்லாமல் போனார். அந்த நாலு பேரும் அவருக்கு என்னமோ நடந்துவிட்டது என்று வீடுகளுக்கு ஓடினார்கள்.

“மெதுவா நானா” என்று பீற்றர் பின்னாலிருந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “பிறை ஓடாது.”

“பிறை ஓடாது. மௌலவி கொழும்பு பிறைக் கமிட்டிக்கு ‘இங்க காணல்ல’ எண்டு சொல்லிப்போடுவார்.”

கற்பிட்டிப் பள்ளிவாசலில் ஜெமீல் மௌலவி கையில் போனோடுதான் நின்றார். பக்கத்தில் அத்தாஉல்லா ஹாஜியார். உசனார் நானா ஹெல்மட்டைக் கழற்ற மறந்து உள்ளே போய், “பிறை கண்டன்” என்றார்.

ஹாஜியாரின் முகத்தில் நூறு சஹனும் ஆறிப்போயின.

தலைப்பிறைக்கு ஒருவர் கண்டால் போதும். ஆனால் அவர் நேர்மையான ஒருவராக இருக்க வேண்டும். ஹாஜியார் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கட கடல்ல எங்கட ஆக்களுக்குத் தெரியாத பிறை உங்களுக்குத் தெரிஞ்சிட்டுதோ?”

“கடல் ஒண்டுதானே ஹாஜியார்.”

“சரி. கண் நல்ல கூர்மை போல. அப்ப இதச் சொல்லுங்க. வில்பத்துக் காட்டுல எத்தின யானை நிண்ட?”

கூடியிருந்தவர்களில் ஒருவர் இருமினார்.

“என்ட மச்சானுக்கு அஞ்சு எண்டீங்க. என்ட பொஞ்சாதிக்கு ஏழு எண்டீங்க. யானைய எண்ணத் தெரியாத ஆள் பிறைய எப்பிடி அடையாளம் கண்ட?”

ஜெமீல் மௌலவி வயதில் இளையவர். நல்ல மனிதர். அவர் தாடியைத் தடவினார். “நானா, கேள்வி ஞாயம்தான். சாட்சிட நாணயத்தப் பாக்கத்தான் வேணும்” என்றார்.

“அவர்ட கூட்டாளி வாசல்ல நிக்கிறாரே” என்ற ஹாஜியார், வாசல் பக்கம் திரும்பினார். “பீற்றர், இஞ்ச வாங்க. பிறைக்கு உங்கட சாட்சி செல்லாது. யானைக்குச் செல்லும். சொல்லுங்க, எத்தின?”

பீற்றர் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். உசனார் நானாவைப் பார்த்தார். ஆறு வருடமாக யானை பெருகப் பெருக, வாடியில் இருந்து தலையாட்டிக் கொடுத்தவர் அவர். இன்றைக்குத் தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். உதட்டை நனைத்துக்கொண்டார்.

“யானை எண்டா... ஓம், அது வந்து...”

“வேணாம் பீற்றர்” என்றார் உசனார் நானா.

ஹெல்மட் தலையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கழற்றினார். தொப்பியைச் சரிசெய்தார். கருவாட்டுப் பெட்டியைச் சுற்றி நின்று ஆவென்று கேட்ட முகங்களில் பாதி அந்த இடத்தில் நின்றன.

“ஒரு யானையும் இல்ல” என்றார். “யானை போட்ட லத்தி கிடந்த. அதுவும் காஞ்ச லத்தி.”

“அப்ப அந்தக் கொம்பன்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்கு மனம் உடைந்துபோயிருந்தது.

“அதுவும் இல்ல. பிறை மட்டும் கண்டன். வல்லாஹி, ரெண்டு தரம் பாத்தன்.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா” என்றார் ஹாஜியார். “தன்ட வாயாலயே பொய் எண்டு ஒத்துக்கொண்டாச்சி.”

மௌலவி ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

“ஆறு வருஷமா ஊரெல்லாம் சொன்ன கதைய, இத்தின பேருக்கு முன்னால ஒரு பிறைக்காக விட்ட மனிசன்” என்றார். “இவர்ட சாட்சிய எடுக்காட்டி, நாங்க ஆர்ட்டப் போய் எடுக்கிற ஹாஜியார்?”

போனைக் காதில் வைத்தார்.

வேறு இடங்களிலும் பிறை தெரிந்திருந்ததாகக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. மறுநாள் நோன்பு. நூறு சஹனும் பொழுதுபட்ட பிறகு நோன்பு திறக்கும் சாப்பாடாக மாறின. ஊரிலுள்ள ஏழை பாழைகளும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் பின்னேரத்துக்குள், இதுதான் தன்னுடைய நிய்யத்தாக முதலிலிருந்தே இருந்தது என்று ஹாஜியார் சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அவரிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

விருந்தில் உசனார் நானாவும் பீற்றரும் ஒரே சஹனில் இருந்தார்கள். ஒருவரும் யானைப் பேச்சை எடுக்கவில்லை. இறந்தவரின் மையித்து கிடக்கும் வீட்டில் இருப்பதுபோல் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். அந்த அமைதி தாங்காமல் எதிரே இருந்தவர், “அது கிடக்கட்டும் நானா, நேத்து கண்டக்குழியில இருந்து எத்தின ஸ்பீட்ல வந்தீங்க?” என்று கேட்டார்.

அந்த வண்டி நாற்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதைக் கண்டவர்கள் கிடையாது. உசனார் நானாவுக்கு வாய் நிறையச் சோறு. பதில் சொல்ல இரண்டு கைகளையும் தூக்கி, விரலுக்குப் பத்தாகப் பத்து விரல்களையும் விரித்தார்.

பக்கத்தில் பீற்றர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

உசனார் நானா இடது கையைப் பார்த்தார். சின்ன விரலை மடக்கினார். பிறகு அடுத்ததை. பிறகு இன்னொன்றை. நான்காவதையும் மடக்கினார். பெருவிரலுக்கு வந்ததும் அது மட்டும் மடங்க மறுத்து நின்றது.