கோவளத்துக்குப் போன சாவி

பூவனலிங்கத்தின் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்ததா, அரைஞாண் கயிற்றில் பூவனலிங்கம் இருந்தாரா என்பது ஊரில் தீராத சந்தேகம். அந்தக் கயிற்றில் இரண்டு சாவிகள் தொங்கும். ஒன்று, கழுகுமலை ரோட்டில் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இருந்த அவருடைய விதைக் கடைக்கும் அதை ஒட்டிய குடோனுக்குமானது. மற்றது வீட்டு இரும்புப் பெட்டிக்கு. குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டார். ஒரு சித்திரையில் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் நினைவில்லாமல் கிடந்தார். அப்போதும் சாவிகள் இடுப்பில்தான் இருந்தன. மாரியாத்தாளே பார்த்துவிட்டு, இந்த ஆளிடம் நமக்கென்ன வேலை என்று சீக்கிரமாக இறங்கிப் போய்விட்டதாக ஊரில் சொல்வார்கள்.

அவர் மனைவி ஆவுடைத்தாய்க்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். தாலி கட்ட அவர் குனிந்தபோது கெட்டிமேளத்தையும் மீறி அவள் காதில் விழுந்தது சாவி குலுங்கிய சத்தம்தான். அன்று கேட்டதோடு சரி, கையால் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் அவளுக்கு வாய்க்கவில்லை.

இவ்வளவு காவல் காக்க குடோனில் தங்கமா இருந்தது என்று கேட்கலாம். தங்கம் இருந்திருந்தால் ஊர் கவலைப்பட்டிருக்காது. இருந்தது விதை. முன்பெல்லாம் அவரவர் விதை அவரவர் வீட்டுத் தானியக் குலுக்கையில் இருக்கும். மழை பெய்தால் அள்ளிக்கொண்டு புஞ்சைக்குப் போக வேண்டியதுதான், ஒருத்தனைப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பிறகு வீரிய ரகம் வந்தது. கம்பும் சோளமும் இரண்டு மடங்கு விளைந்தன, உண்மைதான். ஆனால் விளைந்ததை எடுத்து மறு வருஷம் விதைத்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி முளைத்தது. ஆகவே வருஷா வருஷம் புது விதை வாங்க வேண்டும் என்றாயிற்று. ஊரின் விதைப்பு மொத்தமும் குலுக்கைகளிலிருந்து கிளம்பி வந்து பூவனலிங்கத்தின் இடுப்பில் ஏறிக்கொண்டது.

மழைக்கு முன்னாலேயே விதையைக் கொடுத்துவிட்டால் என்ன என்று ஆட்டுக்காரர் கருத்தையா வருஷந்தோறும் கேட்பார். மூன்று தலைமுறையாக ஆடு மேய்த்து, இப்போதுதான் நாலு ஏக்கர் புஞ்சை வாங்கியிருந்த மனுஷர். புது நிலக்காரர்களுக்கே உரிய அவசரம் அவருக்கு. அதெல்லாம் முடியாது, வீட்டில் வைத்து எலிக்குக் கொடுத்துவிட்டு விதை சரியில்லை என்று சொல்லுவீர்கள் என்று பூவனலிங்கம் மறுத்துவிடுவார். எலி ஒரு சாக்கு. மழை பெய்த மறுநாள் காலையில் ஊரே கடை வாசலில் காத்து நிற்க வேண்டும், இவர் நிதானமாக வந்து, செருப்பைக் கழற்றி, பூட்டைத் தொட்டுக் கும்பிட்டு, வேட்டி மடிப்பை விலக்கிச் சாவியை எடுக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் அவர் வருஷம் முழுக்க உயிரோடு இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா?

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் விதைக் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தென் ஜில்லாக்களின் மிகச் சிறந்த பத்து டீலர்களை மட்டும் கூட்டி, கோவளத்தில், கடற்கரை ஓட்டலில், மூன்று நாள் கான்பரன்ஸ். பெருங்கூட்டமாகக் கூடினால் மனசு ஒட்டாது, பத்துப் பேர் என்றால் ஒரே குடும்பம் மாதிரி இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பேச எடுத்துக்கொண்ட விஷயம்: உரிய நேரத்தில் விவசாயிக்கு விதை கிடைக்கச் செய்வது எப்படி. தேதி: ஐப்பசி இரண்டு, மூன்று, நான்கு.

ஐப்பசி முதல் வாரம் என்றால் என்ன என்று கரிசக்காட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். மெட்ராஸ் ஆபீசில் தொங்கிய காலண்டரில் மழை குறிக்கப்படவில்லை போலும். தவிர, மழைக் காலத்தில் கோவளத்துக்கு வெள்ளைக்காரன் வரமாட்டான், ஓட்டலில் பாதி வாடகைக்கு ரூம் கிடைக்கும். கம்பெனியின் விவசாய ஞானத்தை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

கிளம்புகிற அன்று காலையில் ஆவுடைத்தாய் சாவியைக் கேட்டாள். சும்மா கேட்கவில்லை, இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மழை நாளு. சாவிய வச்சிட்டுப் போங்க. வாரவியளுக்கு நான் எடுத்துக் கொடுக்கேன்."

பூவனலிங்கம் வாசலில் இறங்கி வடகிழக்கு மூலையைப் பார்த்தார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"பத்து நாளைக்கு ஒரு பொட்டு விழாது. அப்படியே பெஞ்சாலும் மூணு நாளுல நான் வந்துருவேன். என்னையக் கேக்காம மழை பெஞ்சிருமாக்கும்?"

மழையும் தன்னிடம்தான் சாவி வாங்க வேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு எப்போதிலிருந்து இருந்ததோ தெரியாது. ஆவுடைத்தாய் அவருடைய சலவைச் சட்டைகளைப் பையில் அடுக்கினாள்.

கோவளத்தில் இறங்கியதும் அவருக்கு முதலில் பட்டது, இவ்வளவு தண்ணீரையும் ஒரு பயலும் உழவுக்குப் பயன்படுத்தவில்லையே என்பதுதான். ஓட்டலில் தென்னை ஓலை வேய்ந்த குடிசைகள். ஊரில் ஓலை வீட்டை இடித்துக் காரை வீடு கட்டப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இங்கே காசு கொடுத்து ஓலைக்குள் படுக்கிறார்கள். ஒரு குடிசைக்கு இரண்டு பேர். அவருக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் சங்கரன்கோவில் டீலர் காசிராஜன். இரண்டு பேரும் பத்து வருஷமாகப் போட்டி வியாபாரிகள், ஒருவர் கடைப்பக்கம் மற்றவர் தலை வைத்துப் படுக்காதவர்கள். இப்போது ஒரே கட்டிலில் தலை வைத்துப் படுக்கக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்தது.

விற்பனை மேனேஜர் நந்தகோபால் அரைக்கால் சட்டையோடு வந்து எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். மெட்ராஸில் பார்க்கும்போது கழுத்துப்பட்டையும் பூட்சுமாக இருக்கிற மனுஷர். இங்கே மேல்கீழ் கிடையாது, மனசைத் திறந்து பேச வேண்டும் என்றார். ஒரு ரப்பர் பந்தைக் கொண்டுவந்தார். பந்து யார் கையில் விழுகிறதோ அவர் தன் பெயரையும், வாழ்க்கையில் மிகவும் நேசிக்கிற பொருளையும் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பத்து மீசைக்காரர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து பந்து எறிந்தார்கள். பூவனலிங்கம் கையில் பந்து விழுந்தபோது அவர் பெயரைச் சொல்லிவிட்டு வெகுநேரம் யோசித்து, சம்சாரம் என்றார். இடது கை இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

பிறகு அறையை இருட்டாக்கித் திரையில் படம் காட்டினார்கள். சோளக் கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு விவசாயி சிரித்தான். அவன் கால் நகத்தில் பொட்டு மண் இல்லை. உரிய நேரம் என்பது பொன்னான நேரம் என்று நந்தகோபால் விளக்கினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில், இட்லி கிடைக்காத துக்கத்தில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஓட்டல் ஆபீசுக்கு டிரங்க் கால் வந்தது. விலக்குத் தபாலாபீசிலிருந்து ஆவுடைத்தாய். வாழ்நாளில் அவள் போனில் பேசியது அதுதான் முதல் தடவை. பதறவில்லை.

"நேத்துப் பொழுதடைய ஒரு உழவு மழை பெஞ்சிருக்கு. கடை வாசல்ல சனம் நிக்குது. சாவி வேணும்."

"நாளைக்கு வந்துருவேன்னு சொல்லு. மண்ணு இன்னும் சேறாத்தான கெடக்கும்."

"வெயிலு சுள்ளுனு அடிக்குது, காத்தும் கூட. நாளைக்குப் பதமாயிரும், நாளான்னைக்குக் காய ஆரம்பிச்சிரும். நீங்க வர முடியாட்டா கண்டக்டர்ட்ட கொடுத்து விடுங்க. நாரோயில்ல ஒரு கை மாறி, திருநவேலில ஒரு கை மாறி, ராத்திரிக்குள்ள இங்கன வந்துரும்."

அவள் சொன்னது சரிதான். அந்தப் பக்கத்தில் மருந்து, மல்லிகைப்பூ, கோர்ட்டுக் காகிதம், கல்யாண மோதிரம் எல்லாம் கண்டக்டர் கையில்தான் ஊர் போய்ச் சேரும். ஒன்றும் தொலைந்ததில்லை.

"கண்டவன் கையில சாவியக் கொடுக்கவா? நான் சொல்லுத வரைக்கும் ஒண்ணும் செய்யாத."

மூன்று நிமிஷம் முடிந்து போன் அறுந்தது. பூவனலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அவரைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட முடியாது, அவரும் விவசாயிதான். ஊருக்குள் பன்னிரண்டு ஏக்கர் அவருக்கே இருந்தது. மழை வாசனை மூக்கில் ஏறிவிட்ட மாதிரி தவித்தார். பையை எடுத்து வைத்துக்கொண்டு நந்தகோபாலிடம் போய், உடனே ஊருக்குப் போக வேண்டும் என்றார்.

நந்தகோபால் அவர் தோளில் கை போட்டார். வெளியே சொல்லக் கூடாத ரகசியத்தைச் சொன்னார். அன்று சாயங்காலம் சேர்மன் மெட்ராஸிலிருந்து விமானத்தில் வருகிறார். உரிய நேரத்தில் விதை வழங்கிய சிறந்த டீலர் என்று ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார். அதில் பூவனலிங்கத்தின் பெயரைப் பொறித்தே ஆகிவிட்டது. ஆள் இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும்படி ஆகும். அடுத்தது யார்? காசிராஜன்.

பூவனலிங்கம் பையைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தார். காசிராஜன் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். தங்கள் பக்கமும் மழை என்று தகவல் வந்ததாகவும், சாவியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்ததால் பாதகமில்லை என்றும் சொன்னார். பூவனலிங்கம் கடலைப் பார்க்கப் போனார்.

அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகலாம் என்கிற கதையாக, சேர்மன் வருகை நீண்டுகொண்டே போனது. சாயங்காலம் விமானம் வரவில்லை. மறுநாள் காலை என்றார்கள். மறுநாள் மத்தியானம்தான் ஆள் வந்து சேர்ந்தார். வந்தவர் கடலில் குளித்து, மீன் சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தபோது மணி நாலு. அதற்குள் பூவனலிங்கம் மணலில் எத்தனை நடை நடந்தார் என்பது அவர் செருப்புக்குத்தான் தெரியும்.

கேடயம் பெரிது, மடியில் வைத்தால் முகத்தை மறைக்கும். கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பூவனலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மழை பெய்த மறுநாள் காலையில் விவசாயி வந்து நிற்கும்போது என் கடைக் கதவு திறந்திருக்கும், இதுதான் என் தொழில் ரகசியம் என்றார். சொல்லும்போதே நாக்கு கூசியது. சேர்மன் மிகவும் நெகிழ்ந்துபோய், இந்தச் சொல்லைக் கம்பெனியின் அடுத்த வருஷக் காலண்டரில் போட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

விடிய விடியப் பஸ் மாறி, நாலாம் நாள் காலை கோவில்பட்டியில் இறங்கி, கழுகுமலை டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் கேடயம். ஊர் எல்லை வந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பக்கமும் கலப்பைகள் ஓடின. பெண்கள் உழவுச் சாலில் விதை போட்டுக்கொண்டு போனார்கள். ஊரே விதைத்துக்கொண்டிருந்தது. சாவி அவர் இடுப்பில் இருக்கும்போது இது எப்படி நடக்கும்?

விலக்கில் கடைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பழைய பூட்டு, வாய் பிளந்து, படியோரம் கிடந்தது. உள்ளே அவருடைய நாற்காலியில் ஆவுடைத்தாய் உட்கார்ந்து காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு உடைச்சது?"

"கருத்தையாதான் கடப்பாறைய எடுத்துட்டு வந்தாவ. உடைக்கச் சொன்னது நான்."

அவர் குடோனை எட்டிப் பார்த்தார். ஒரு மூட்டை இல்லை. கோபப்பட ஆரம்பித்தவருக்கு நடுவிலே வேறொன்று ஞாபகம் வந்து குரல் இறங்கிவிட்டது.

"நம்ம புஞ்சை?"

"நம்ம புஞ்சைக்குன்னு பொறுக்கி எடுத்து இரும்புப் பெட்டியிலல்லா வச்சிருக்கிய. அந்தச் சாவியும் கோவளத்துக்குத்தான போச்சு."

"அந்தப் பெட்டிய உடைச்சிருக்க வேண்டியதுதான?"

ஆவுடைத்தாய் மடித்த சாக்கைக் கீழே வைத்தாள்.

"கருத்தையாவும் அதைத்தான் சொன்னாவ. நாந்தான் வேண்டாம்னேன். ஊருக்கு ஒண்ணுன்னா பூட்டை உடைக்கலாம். நமக்கு ஒண்ணுன்னு உடைச்சா அது திருட்டுல்லா."

பூவனலிங்கம் வீட்டுக்கு ஓடினார். பெட்டியைத் திறந்தார். விதை பத்திரமாக இருந்தது, ஒரு மணி குறையவில்லை. ஏரும் ஆளும்தான் கிடைக்கவில்லை. எல்லாரும் அவரவர் புஞ்சையில் இருந்தார்கள். ஆறாம் நாள்தான் அவர் நிலத்தில் கலப்பை இறங்கியது. அதற்குள் மேல்மண் காய்ந்து பொரிந்துவிட்டது. அரைகுறையாக முளைத்த பயிரும், அடுத்த மழை வர மூன்று வாரம் ஆனதில் கருகிப்போயிற்று. மறுபடி விதைக்கப் பெட்டியிலும் விதையில்லை, குடோனிலும் இல்லை. தை மாதம் கழுகுமலைக்குப் பஸ்ஸில் போனவர்கள், ஊரெல்லாம் கதிர் சாய்ந்து நிற்க, நடுவில் பன்னிரண்டு ஏக்கர் மட்டும் கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்து, அது யார் நிலம் என்று கேட்பார்கள். டீலர் நிலம் என்று கண்டக்டர் சொல்வார்.

கேடயத்தைக் கடையில் மாட்டினார். கடைக்கு வருகிறவர்கள் அதில் எழுதியிருப்பதைச் சத்தமாக, எழுத்துக் கூட்டி, மிகவும் மரியாதையாக வாசிப்பார்கள்.

குடோனுக்குப் புதுப் பூட்டு வாங்கியது ஆவுடைத்தாய். அதன் சாவியை எதிர்த்த டீக்கடைக் கதவில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டாள். மழை பெய்தால் யாரும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். பூவனலிங்கம் அதைக் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. உடைந்த பூட்டின் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை.