காளவாய்க்குப் போன நத்தைக் கூடை

"சுண்ணாம்பு சுடுற வூட்டுப் பொண்ணுக்கு எய்த்து இன்னாத்துக்கு? காளவா சோறு போடும். எய்த்து போடுமா?"

நான் கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட முதல் நாள் காலை மாமா கேட்ட கேள்வி இது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மா என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். எழுத்து என்ன செய்யும் என்று கேட்கத் தகுதியே இல்லாத ஒருவர் எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் இருந்தார் என்றால் அது மாமாதான். சில நாட்களுக்கு முன்புதான், எழுத்தே தெரியாத நான் கிறுக்கிய கிறுக்கலால் அவர் முதுகு தப்பியிருந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. மதிலைப் பூசுவதற்கும் கிடங்குகளைக் கட்டுவதற்கும் அவர்களுக்குச் சுண்ணாம்பு ஓயாமல் வேண்டியிருந்தது. அப்பாவை நான் நைனா என்பேன். நைனாவும் மாமாவும் ஏரியின் அடியிலிருந்து கிளிஞ்சலை வாரி வருவார்கள். அதைக் காளவாயில் கரியோடு அடுக்கிச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றினால் வெள்ளைப் பொடியாக உதிரும். அடுக்குவதற்கு முன் கல்லையும் சேற்றையும் பொறுக்கி எடுப்பது என் வேலை. எட்டு வயதுக்குள் ஏரியில் விளையும் ஓடு அத்தனையும் என் விரல்களுக்குப் பழகியிருந்தது.

ஏரிக் கிளிஞ்சல் போதாதபோது கோட்டைக்குள்ளிருந்தும் எடுத்து வருவோம். ஒல்லாந்தர்கள் சிப்பி தின்பதில் கெட்டிக்காரர்கள். தின்று முடித்த ஓட்டைச் சமையற்கட்டின் பின்வாசலில் வைத்துவிடுவார்கள். பின்வாசலுக்கு வந்த ஓடு காளவாய்க்காரருடையது என்பது நைனாவுக்கு முன்னாலிருந்தே வந்த வழக்கம். யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. மாமா கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வருவார், அவ்வளவுதான்.

கோட்டையில் ஒரு வைத்தியர் இருந்தார். ஒல்லாந்தர். நத்தை என்றால் உயிரை விடுவார். ஏரி நத்தை, வயல் நத்தை, மழைக்கு மரத்தில் ஏறும் நத்தை, எது கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வார் என்று குப்பத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். வயல் நத்தையை வேகவைத்துத் தின்றால் மூலம் அடங்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனவே வைத்தியருக்குக் கடுமையான மூலம் என்று ஊரே முடிவு செய்திருந்தது. அவர் நடந்துபோனால் பெண்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ஐப்பசி பிறக்கப்போகும் சமயம். மாமா தன் சுற்றை முடித்து வந்தபோது வழக்கமான சிப்பியோடு புதிதாக ஒரு மூங்கில் கூடையும் கொண்டுவந்தார். அது நிறைய நத்தை ஓடுகள், ஊடே சில சிப்பிகள். வைத்தியர் வீட்டுப் பின்வாசலில் வெயிலில் கிடந்ததாம். மனிதர் இத்தனையையும் தின்றுவிட்டாரே என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

அந்தக் கூடையை நான் சட்டென்று காலி செய்யவில்லை. ஒரே இடத்தில் அத்தனை விதமான நத்தைகளை அதுவரை பார்த்ததில்லை. இனம் இனமாகப் பிரித்து மணலில் வரிசையாக வைத்து வெகுநேரம் விளையாடினேன். ஒவ்வொரு ஓட்டின் வாய்க்குள்ளும் கறுப்பாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. சிலது கொக்கி மாதிரி, சிலது காக்கைக் கால் மாதிரி. மாமாவிடம் காட்டினேன். ஈ பீச்சியது என்றார். வரிசையை அப்படியே முறத்தில் வாரிக் காளவாயில் கொட்டி நெருப்பு வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் வைத்தியரின் சமையற்காரர் மூச்சிரைக்க வந்தார். அவர் எங்கள் பக்கத்து ஆள்தான், ஆனால் கோட்டைச் சோறு தின்று கொஞ்சம் மிடுக்கு ஏறியவர். அன்றைக்கு அந்த மிடுக்கு இல்லை. கூடை எங்கே என்று கேட்டார். மாமா நீற்றிக் குவித்த பொடியைக் கையால் காட்டினார். சமையற்காரர் அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வைத்தியர் நத்தையைத் தின்பவரில்லை. அவருக்கு மூலமும் இல்லை. இந்த நாட்டில் என்னென்ன நத்தை உண்டோ அத்தனையிலும் சிலவற்றைச் சேர்த்து, தங்கள் தேசத்திலிருக்கும் ஒரு பெரிய பிரபுவுக்கு அனுப்பவிருந்தார். காற்று மாறுவதற்குள் புறப்படும் கப்பலில் அந்தக் கூடை ஏற வேண்டும். நடுவில் சதுரங்கப்பட்டினத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வைத்தியர் அங்கே போயிருந்தார். கூடை நாறுகிறது என்று சமையற்காரர்தான் அதைத் தூக்கிப் பின்வாசலில் வெயிலில் வைத்தார்.

"தொர வந்தா என்னைக் கேப்பாரு," என்றார் சமையற்காரர். "நான் உன்னைக் காட்டித்தான் ஆவணும். வேற வழியில்ல."

கோட்டைப் பொருளைத் திருடியவனைக் கம்பத்தில் கட்டி எல்லோரும் பார்க்கச் சாட்டையால் அடிப்பார்கள். காளவாயும் வேறு ஆளுக்குப் போய்விடும். மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். ஏரியைத் தாண்டித் தெலுங்கு தேசத்துக்கு ஓடிப்போவதாகச் சொன்னார்.

"நீ ஓடிட்டா உன் மச்சானைக் கட்டி அடிப்பாங்க," என்றாள் அம்மா. "உக்காரு."

மாமா உட்கார்ந்தார். நைனா பொடியைக் கிளறிப் பார்த்தார், முழு ஓடு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று. நன்றாகச் சுடுவதில் நைனா பேர் வாங்கியவர். ஒன்றும் மிஞ்சவில்லை.

கூடையில் என்னென்ன இருந்தன என்று எனக்குத் தெரியும் என்றேன். வரிசை அப்படியே கண்ணில் நின்றது. நான் சொல்லச் சொல்ல, எது எங்கே கிடைக்கும் என்று நைனா யோசித்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. இறால் தடவும்போது கைக்குத் தட்டுப்பட்டால் தூக்கி எறியும் நத்தைகளை அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். சேற்றில் கிடக்கும் ஊரி என்ற கூர்மையான நத்தையை நைனா பார்த்துக்கொண்டார். மாமா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டூர் வரை நடந்தார். அங்கே வாய்க்காலில் மூடி போட்ட வயல் நத்தை இருந்தது. கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் தட்டையான ஒன்று தாமரை இலையின் அடியில் ஒட்டியிருந்தது. குளத்துச் சிப்பியைச் சேற்றில் காலால் துழாவி எடுத்தோம். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்ட உழவர்களிடம் தனக்கு மூலம் என்று மாமா சொன்னார். அவர்கள் இரக்கப்பட்டு ஆளுக்கொரு கை பிடித்துக் கொடுத்தார்கள்.

தரை நத்தைதான் கிடைக்கவில்லை. அது மழை பெய்தால்தான் வெளியே வரும், மழையோ வருவதாக இல்லை. மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு விடியற்காலை கொட்டித் தீர்த்தது. நனைந்துகொண்டே போய்ப் பழைய சுவர்களிலும் பனை அடியிலும் பொறுக்கினோம். புளியங்கொட்டை அளவில் கண்ணாடி மாதிரி ஒன்று உண்டு, அதையும் விடவில்லை. எல்லாவற்றையும் வேகவைத்து முள்ளால் சதையை இழுத்துவிட்டோம். வயல் நத்தையின் சதையை மாமா கவலையோடு வயிறு நிறையத் தின்றார்.

கூடை நிறைந்தது. எல்லோருக்கும் திருப்தி, எனக்கு மட்டும் இல்லை. வாய்க்குள் கறுப்புக் கோடு இல்லாமல் அது எப்படி அதே கூடையாகும்? பானைக் கரியைச் சுரண்டிப் பிசினில் குழைத்து, ஈச்ச முள்ளால் ஒவ்வொன்றிலும் போட்டேன். கொக்கி, காக்கைக் கால், நடுவில் ஒரு புள்ளி. நினைவுக்கு வராத இடத்தில் எனக்குப் பிடித்ததைப் போட்டேன். சமையற்காரர் கூடையைக் கொண்டுபோய் வைத்தியர் வீட்டில் பழைய இடத்திலேயே வைத்தார்.

வைத்தியர் வந்த அன்றே கோட்டைக்குக் கூப்பிட்டனுப்பினார். சமையற்காரர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, ஆனால் அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். கோட்டை ஓடெல்லாம் யாரிடம் போகும் என்பது வைத்தியருக்கும் தெரியும். மாமா முன்னால் போனார், நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். மேசைமேல் கூடை இருந்தது. வைத்தியர் ஓர் ஓட்டை எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். ஓட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் திருப்பினார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்தினார். மாமா என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"இது யார் எழுதினது?" என்றார் வைத்தியர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

மாமா என்னை முன்னால் தள்ளிவிட்டார். "இந்தப் பொண்ணுதான் தொர. எனக்கு இன்னா தெரியும்?"

வைத்தியர் என்னைப் பார்த்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இது வேறு யாருக்குத் தெரியும் என்று கதவோரம் நின்ற சமையற்காரரிடம் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றார் அவர். வைத்தியர் இரண்டாவது முறையும் கேட்டார். நைனாவும் அதையே சொன்னார். அதன் பிறகு வைத்தியர் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு நத்தையாக எடுத்து எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் காட்டூர் வாய்க்கால், பனை அடி, ஏரிச் சேறு என்று சொன்னேன். என் கோடுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நான் சொன்ன இடங்களை அவர் தங்கள் எழுத்தில் புதிதாக எழுதினார். துடைத்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. என்னுடையது அவருடையதைவிட அழகு.

மாமாவை அவர் ஒன்றும் செய்யவில்லை. காளவாயும் எங்களிடமே இருந்தது. கப்பல் புறப்பட்டது. அந்த வாரமே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி ஆள் வந்தது. கோட்டைச் சிப்பாய்களின் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழும் கொஞ்சம் ஒல்லாந்தமும் படிக்கலாம். என் எழுத்தின் அழகைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோட்டைக்காரர்களின் பேச்சு காதில் விழுந்தால் புரியும் அளவுக்குப் படித்த பிறகுதான் அந்த நாள் எனக்கு விளங்கியது. அந்தக் கூடையைத் துரைமார் எல்லோரும் விருந்தில் பார்த்திருந்தார்கள். கோட்டைத் தலைவர் அதைப் பற்றிப் பிரபுவுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டிருந்தார். அது காளவாயில் வெந்துவிட்டது என்று வெளியே தெரிந்தால், காவல் இல்லாமல் விட்டுப்போன வைத்தியரைத்தான் முதலில் கேட்பார்கள். அவர் கதவைச் சாத்தியது எங்களை அடிப்பதற்காக இல்லை. அன்றைக்கு அந்த அறையில் மாமா அளவுக்குப் பயந்திருந்த இன்னொருவர் அவர்தான். எங்கள் வீட்டு வாய் மூடியிருக்க வேண்டும், அதற்காகத்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது.

அதில் எனக்கு வருத்தமில்லை. எதற்காகக் கொடுத்திருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து படித்தவள் நான். எங்கள் வீட்டில் என் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். நைனா பெயரையும் அம்மா பெயரையும் எழுதத் தெரிந்ததும் நான்தான்.

மாமாவுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். எனக்கு அன்றிருந்த வயது. காளவாய்ப் பக்கம் உட்கார்ந்து கிளிஞ்சலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடம் கிடைக்க ஏதோ ஒரு துரை பயப்படும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போன திங்கட்கிழமை அவளைக் குளிப்பாட்டிக் கூட்டிப்போய்க் கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, திரும்பும் வழியில் காளவாய்க்குப் போனேன். மாமாவிடம் அனுமதி கேட்கவில்லை. கல் பொறுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.