மாமாவுக்குப் பூக் கேட்ட நாள்

எங்கள் மாமா அமெரிக்காவில் இருப்பதா, கிளம்புவதா என்கிற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என்னிடம் வந்து சேர்ந்தது. வக்கீல் கையை விரித்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பேசிப் பேசித் தொண்டை வறண்டு போனார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இலவம்பஞ்சு எம்மாத்திரம் என்பார்கள். அன்றைக்கு என்னவோ அந்தப் பஞ்சைக் கூப்பிட்டுத்தான் யோசனை கேட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. டெக்சாஸிலேயே மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, பிளானோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். பக்கத்து ஊரான காப்பெலில் எங்கள் வீட்டு மாடியறைதான் அவருக்கு ஜாகை. என் கண்ணுக்கு அவர் ஓர் அதிசயம். தோசையைக் கரண்டி இல்லாமல் தூக்கிப்போட்டுத் திருப்புவார். ஃப்ரீவேயில் பக்கத்தில் வரும் லாரியின் உறுமலை, லாரிக்காரனே திரும்பிப் பார்க்கும்படி வாயால் செய்வார். அப்படிப்பட்ட ஆளை ஒரு நாடு போதும் போ என்று சொல்லக்கூடும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

எனக்கு விஷயத்தை விளக்கியவர் அப்பா. தோசை சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார்.

"படிச்சு முடிச்சதும் கொஞ்ச காலம் வேலை பார்க்க விடுவாங்க, அது ஓபிடி. கம்ப்யூட்டர் படிப்புன்னா இன்னும் கொஞ்சம் நீட்டிச்சுக் குடுப்பாங்க. அதுக்குள்ள எச்1பி விசா வாங்கிக்கணும். நாமளா போய்க் கேக்க முடியாது, கம்பெனிதான் பேரைக் குடுக்கணும். வந்த பேரையெல்லாம் குலுக்கிப் போட்டு எடுப்பாங்க. புரியுதா அம்முணி? தோசைக்கல்லு கம்பெனியோடது. மாவு மாமனோடது. அடுப்பு மட்டும் கவர்ன்மென்ட்டோடது."

"அடுப்பு எரியலன்னா?"

"அடுத்த மார்ச் மாசம் மறுபடியும் குலுக்கல்."

குலுக்கல் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தலை சுற்றியது. ராட்சத ராட்டினம் போல ஒரு டப்பா. அதற்குள் ஊர் உலகத்து அண்ணன்களும் அக்காக்களும் சீட்டு சீட்டாக மடிந்து கிடக்கிறார்கள். மேலேயிருந்து ஒரு கை இறங்கி வருகிறது. அது யாருடைய கை என்று கேட்டேன். கம்ப்யூட்டருடைய கை என்றார் மாமா. எனக்கு நிம்மதியாகிவிட்டது. விடிந்தால் பொழுதுபோனால் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிற மனிதரை அதற்குத் தெரியாமலா போகும்?

முதல் மார்ச்சில் தெரியவில்லை. அடுத்த மார்ச்சிலும் தெரியவில்லை. அதற்கடுத்ததுதான் கடைசி, அதன்பிறகு ஓபிடி நீளாது. அந்த முறை கண் பட்டுவிடக்கூடாது என்று அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், பிராகாரம் சுற்றியவர்களில் பாதிப் பேர் அதே வேண்டுதலோடு, அதே மாதிரி மூச்சுவிடாமல்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் பெயர் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பஞ்சாயத்து மேடையாகிவிட்டது.

"டொரண்டோ ஆபீஸ்க்கு மாத்தித் தர்றேங்கறாங்க," என்பார் அப்பா. "ஒரு வருஷம் ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டு, அதே கம்பெனி கூப்பிட்டா வேற விசாவுல திரும்பி வரலாம். கூப்பிடலைன்னாலும் அங்கயே ஒரு பொழப்பு இருக்குது."

"அந்தக் குளுருக்குள்ள அவனுக்கு யாருங்க இருக்கா?" அம்மா விடமாட்டாள். "இங்கயே இன்னொரு காலேஜ்ல சேரட்டும். இன்னொரு மாஸ்டர்ஸ் படிக்கட்டும். படிச்சுக்கிட்டே இருந்தா யாரு போகச் சொல்லுவா? பொறுத்தார் பூமி ஆள்வார்."

"அவன் பூமிய ஆள வேண்டாம், ஒரு வேலையில நிம்மதியா உக்காந்தாப் போதும். காத்திருந்தவன் பொண்டாட்டிய..."

"பிள்ளைய வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

அந்தப் பொண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆனது.

"நீ என்ன சொல்ற மாப்ள?" என்று அப்பா திரும்பினால், மாமாவின் பதில் ஒன்றுதான். "அக்கா சொல்றதுதான் மச்சான்."

அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவர். அக்கா போகச் சொல்லாமல் அவர் படி தாண்டமாட்டார். அக்காவோ, பால் வாங்கக் கடைக்குப் போகிறவரைக்கூட 'போயிட்டு வா' என்று அந்த 'வா'வையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறவள். அதிலும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டு, "எந்தம்பி இங்கதான் இருப்பான், நான் இருக்கறேன்ல" என்று முழங்கிவிட்டாள். மாமா நடுவில் மாட்டிக்கொண்டு இளைத்துக்கொண்டே வந்தார். லாரி உறுமல் நின்றுபோயிருந்தது. தோசையும் கரண்டியால்தான் திரும்பியது.

அப்போதுதான் ஊரில் அம்மாவின் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. சகோதரன் இடத்தில் நின்று சீர் செய்ய வேண்டியவர் எங்கள் மாமாதான். ஆனால் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்னவோ என்று போகவில்லை. அங்கே விடிகாலை முகூர்த்தம், இங்கே நாங்கள் சாயங்காலம் விளக்கேற்றி முடித்த நேரம். மாமா பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அவர் செய்ய வேண்டிய சீரை, தூரத்துச் சொந்தத்தில் யாரோ ஒரு பையன் செய்துகொண்டிருந்தான். தாலி ஏறும்போது மாமா எழுந்து நின்று திரையின் மேல் அட்சதை தூவினார். நானும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அந்தக் கணமே மண்டபத்திலும் மஞ்சள் அரிசி பறந்தது! நான் போட்டதுதான் அங்கே போய் விழுகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்தபிறகு மாமா அந்த வேட்டியோடேயே உட்கார்ந்து, பல் குத்தும் குச்சியால் கீபோர்டு இடுக்கில் புகுந்த அரிசியை நெம்பி நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேலைக்கு அந்த லேப்டாப் வேண்டுமே. பாயசக் கிண்ணத்தோடு வந்த அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கொடுக்காமலேயே திரும்பிவிட்டாள். அந்தப் பாயசமும் எனக்கே கிடைத்தது.

சனிக்கிழமை காலை அம்மா அறிவித்தாள். "சாமிகிட்டப் பூக் கேட்டுரலாம்."

அப்பா காப்பியைக் கீழே வைத்தார். "விசாவுக்குமா?"

"பொண்ணெடுக்கக் கேக்கறோம், கெணறு வெட்டக் கேக்கறோம். இதுக்கு மட்டும் சாமிக்கு இங்கிலீஷு தெரியாதாக்கும்?"

எங்கள் சொந்த ஊர் கோபிப் பக்கத்தில் அது வழக்கம். முடிவெடுக்க முடியாத காரியமென்றால் ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். சூதுவாது தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூவின் நிறம்தான் சாமியின் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வெள்ளை வந்தால் மாமா இங்கேயே படிப்பு. சிவப்பு வந்தால் டொரண்டோ. சிவப்பு ரோஜாவுக்குப் பஞ்சமில்லை, வாசல் செடியே கொள்ளாமல் பூத்திருந்தது. வெள்ளைதான் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தொட்டியில் இருந்த ஒன்றே ஒன்றை அம்மா கேட்டு வாங்கி வந்தாள். கட்டும்போது யாரும் பார்க்கக்கூடாது என்று எங்களையெல்லாம் ஹாலுக்குத் துரத்திவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இலைக்கு எங்கே போவது? ஃபாயில் தாளில் கட்டிக்கொண்டு வந்தாள். குலதெய்வத்தின் படத்துக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில் அந்த இரண்டு பொட்டலங்களும் வெள்ளிக்கட்டி மாதிரி மினுங்கின.

எனக்குத் தலைக்கு ஊற்றிப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். மாமா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சும்மா எடு மருமகளே, பயப்படாத," என்றார். அப்பா, இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர், என்னைவிட முன்னால் குனிந்து நின்றார். ராட்டின டப்பாவுக்குள் இறங்கும் அந்தக் கை இப்போது என் கைதான் என்று தோன்றியது. வெள்ளையாக இரு, வெள்ளையாக இரு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன்.

சிவப்பு.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அம்மனே சொல்லிப்போட்டா. அவ பேச்சுக்கு மேல நான் என்ன சொல்லறது? டொரண்டோவுக்குச் சரின்னு சொல்லிரு தம்பி."

மாமா அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ சாமி முன்னாலேயே கார்ப்பெட்டில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அப்பா ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, அதை அம்மா செடிக்கு அடியில் போட்டுவிடுவாள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்கு அந்த வெள்ளைப் பூவின் மேல் கோபம். ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்? யாரும் இல்லாத சமயம் பார்த்து ஃபாயிலின் ஒரு ஓரத்தைப் பிரித்தேன்.

அதற்குள்ளும் சிவப்பு.

சமையலறைக்கு ஓடினேன். "அம்மா! ரெண்டுமே செவப்பா இருக்கு!"

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கை ஈரமாக இருந்தது. அந்தக் கைக்கு மேலே, பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய ஜன்னலில், ஒரு டம்ளர் தண்ணீரில் வெள்ளை ரோஜா நின்றுகொண்டிருந்தது. நான் விரலை நீட்டினேன்.

"அது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

அம்மா பூவைப் பார்த்தாள். ஹாலில் மாமாவின் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

"சாமிதான் கொண்டாந்து வெச்சிருக்கும்," என்றாள். "யாருகிட்டயும் சொல்லாத அம்முணி. மாமன்கிட்டக்கூட."

நான் மலைத்துப்போனேன். பொட்டலம் பிரியாமல் வெள்ளையை வெளியே எடுத்து, அது இருந்த இடத்தில் சிவப்பை வைத்து, எடுத்த பூ வாடிவிடக்கூடாதே என்று தண்ணீரும் ஊற்றிவைத்திருக்கிற சாமி! டம்ளரைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தச் சாமி என் பின்னால் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டொரண்டோ வரைக்கும் கெடாமல் போய்ச் சேரும் பலகாரம் எது என்று யோசித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.