தொங்கினால் விடு, விழுந்தால் எடு

ஒருவரின் முகத்தைப் பார்க்காமலே, அவர் துடைத்துப் போட்ட துவாயை வைத்து ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடக்கூடிய தொழில் எங்களுடையது. கோபக்காரரின் துவாய் முறுக்கிப் பிழிந்தபடி கிடக்கும். புதிதாகக் கலியாணம் செய்தவர்களின் துவாய்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். தனியாக வந்தவரின் துவாய் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் மாதிரிப் படுத்திருக்கும். மற்றவர்கள் படுத்தெழும்பின கட்டிலை விரித்துப் பிழைக்கிற, அல்லது அதையே வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிற சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு ஹொட்டேலில் அறைகளைத் துப்புரவாக்கி, விரிப்பும் துவாயும் மாற்றுவது என் வேலை. எங்கள் மேற்பார்வையாளர் கிண்ணியாவிலிருந்து வருகிற நஸீரா ராத்தா. அங்கே முஸ்லிம் ஆக்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். முதல் நாள் அவர் ஒரேயொரு சட்டம்தான் சொல்லித் தந்தார்: "தொங்கினால் விடு, விழுந்தால் எடு." கொழுக்கியில் தொங்கினால் விருந்தினர் அந்தத் துவாயை இன்னொருமுறை பாவிக்கப்போகிறார். நிலத்தில் கிடந்தால் தோய்க்கக் கொடுத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டும். கொன்வென்டில் படித்த எனக்கு இது பழகக் கனநாள் பிடித்தது. எங்கள் சிஸ்டர்மாரிடம் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, கீழே போட்டாலே முழங்காலில் நிற்கவேண்டும். இங்கே வெள்ளைவெளேரென்ற துவாய்களை நிலத்தில் எறிவது நாகரிகம்.

சில கிழமைகளுக்கு முதல் ஓர் உல்லாசக் கப்பலில் இதே வேலைக்கு என்னை எடுத்தார்கள். ஒன்பது மாதம் கடலில் இருக்கவேண்டும். போனால், பாலையூற்றில் பூசாத சுவரோடு நிற்கிற எங்கள் வீடு முடியும். என் மகள் ஆதிராவுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. போய்வருவதற்குள் அவள் என்னை மறந்துவிடுவாள். இந்த ஒரு பயத்தோடுதான் அந்த நாட்களில் எல்லாத் துவாயையும் மடித்தேன். பயம் வந்தால் எனக்கு நித்திரை வராது. அதனால் பிள்ளை நுளம்புவலைக்குள் தூங்குகிற நேரத்தில், மூச்சு விடுகிறாளா என்று இடைக்கிடை தொட்டுப் பார்த்துக்கொண்டு, இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன்.

இரண்டு துண்டு

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மத்தியானம் அவர்களின் அறையிலிருந்து தொலைபேசி. "அர்ஜன்டா ரெண்டு துண்டு குடுத்து விடுங்கம்மா" என்றார் ஐயா. எங்கள் ஊரில் துண்டு என்றால் கடதாசித் துண்டுதான். டொக்டர் மருந்துக்குத் துண்டு எழுதுவார், கடைக்காரர் சாமானுக்குத் துண்டு போடுவார். துடைக்கிறது துவாய். பாவம், யாருடைய விலாசத்தையோ அவசரமாக எழுதப்போகிறார் என்று நினைத்து, வரவேற்பு மேசையில் நல்ல வெள்ளைக் கடதாசி இரண்டை எடுத்து, பேனையும் வைத்து, தட்டில் ஏந்திக்கொண்டு ஓடினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. சவர்க்கார நுரையோடு ஒரு கை வெளியே நீண்டு தட்டைத் தடவியது. கடதாசி, பேனை எல்லாம் உள்ளே போயின. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மிகப் பொறுமையான ஒரு குரல் வந்தது: "ஏம்மா, இதுல நான் என்ன எழுதணும், குளிருதுன்னா?"

கழுவப்படுவீர்கள்

எங்கள் குளியலறைச் சுவர்களில் மூன்று மொழியிலும் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். யார் தமிழாக்கினார்களோ தெரியாது. தமிழில் இப்படி இருந்தது: 'துவாயை நிலத்தில் போட்டால் நீங்கள் கழுவப்படுவீர்கள்.' அட்டையை யாரும் வாசிப்பதில்லை என்பதால் அது கனகாலம் பிழைத்துக் கிடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரும் மனைவியும் வந்து தங்கினார்கள். அவர்களின் துவாய்கள் எப்போது போய்ப் பார்த்தாலும் கொழுக்கியில், கரை பிசகாமல் தொங்கும். மழை நாட்கள். துவாய் காயவில்லை, மணக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் தொங்குகிறதைத் தொட எனக்கு ஏலாது. கடைசியில் அந்த அம்மா என்னை வாசலில் மறித்தார்.

"பிள்ளை, இந்தத் துவாயை ஒருக்கா மாத்தித் தாவன். பூஞ்சணம் பிடிக்கப்போகுது."

"நிலத்தில போட்டிருந்தால் மாத்தியிருப்பன் அம்மா."

"நான் போடத்தான் போனனான். இவர் விட்டால்தானே!"

ஐயா கதிரையில் இருந்தபடி பத்திரிகையைத் தாழ்த்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். குளியலறைச் சுவர் அட்டையைக் காட்டினார். "பிள்ளை, நான் காலமையே குளிச்சிட்டன். இந்த வயசில இன்னொராள் என்னைக் கழுவுறதுக்கு நான் சம்மதிக்க ஏலாது."

அன்னம்

துவாயில் உருவங்கள் செய்வது எங்கள் வேலையில் ஒரு கனவுப் பகுதி. உருட்டி, வளைத்து, ஒரு நுனியை இழுத்துவிட்டால் துவாய்க்குள் இருந்து ஒரு கழுத்து எழும்பும். நான் செய்கிறேன் என்பதைவிட, அது ஏற்கெனவே உள்ளுக்குள் இருந்து, கூப்பிட்டதும் எட்டிப் பார்க்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஆதிரா வயிற்றில் இருக்கும்போதும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு மடித்தேன்.

மூதூரிலிருந்து ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். கட்டிலில் இரண்டு அன்னங்களை மூக்கோடு மூக்கு வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் போனபோது யன்னலால் கடல் வெளிச்சம் முழு அறையிலும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் தொழுகைப் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஒரு அன்னம் அவிழ்ந்து, சதுரமாக மடிந்து ஒரு பக்கத்தில் இருந்தது. மற்றது இருந்த இடத்தில் கழுத்தே இல்லாத, நன்றாகச் சாப்பிட்ட ஏதோ ஒன்று குந்தியிருந்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்ணுக்கு வெட்கம். "தொழுறத்துக்காகத்தான் குலைச்சன் அக்கா, உருவம் முன்னால இரிக்கப்படாது. ஆனா நீங்க மினக்கெட்டுச் செஞ்சதெண்டு மனசு கேக்கல்ல. திருப்பிச் செஞ்சு பாத்தன். அன்னமாத்தான் தொடங்கினன், கோழியாப் போயிட்டுது."

கப்பலால் இறங்கின மனிதர்

ஒருநாள் காலமை மொட்டைமாடியில் துவாய்கள் காயப்போட ஏறினேன். குடாவுக்குள் ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நின்றது. எத்தனையோ மாடி, எத்தனையோ யன்னல். எந்தச் சத்தமுமில்லாமல் ஒரு ஊரே மிதந்து வந்து எங்கள் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. நான் போகவேண்டிய கப்பல் அதுவல்ல. இருந்தாலும் அதன் யன்னல்களை எண்ணத் தொடங்கினேன். அந்த யன்னல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டில் இருக்கும், ஒரு துவாய் நிலத்தில் கிடக்கும், அதை எடுக்க என்னைப்போல ஒருத்தி குனிவாள். அவளுடைய பிள்ளை எங்கே?

அன்று அந்தக் கப்பலில் அறை வேலை செய்கிற தூத்துக்குடிக்காரர் ஒருவர், இறங்கி நிற்கக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் எங்கள் ஹொட்டேலுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். வரவேற்பு மேசையில் நான் செய்து வைத்த துவாய் யானையைப் பார்த்தார். அதன் காதை இழுத்து விரித்துவிட்டார். யானை உடனே உயிர் வந்த மாதிரி நிமிர்ந்தது. ஒரே தொழில் என்றதும் கதை தொடங்கியது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், இத்தனை காலம் தூரத்தில் இருந்தால் பிள்ளைகள் மறந்துவிடமாட்டார்களா என்று.

"மறக்கல்லாம் மாட்டாங்கம்மா, தினமும் போன்ல பேசுறேன்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் யானையின் மற்றக் காதைத் தேடிக்கொண்டிருந்தது. "போன லீவுக்கு வீட்டுக்குப் போனேன். என்னப் பாத்ததும் எம்பொண்ணு உள்ள ஓடிப்போயி போனை எடுத்து நெஞ்சோட கட்டிக்கிட்டா. 'யாரோ வந்திருக்காங்கப்பா'ன்னு அதுகிட்ட சொல்றா."

கதிரை பிடித்த துவாய்

கப்பலுக்குப் போகுமுன் ஒரு கிழமை நிலாவெளியில் ஒரு பெரிய ஹொட்டேலில் பயிற்சி. அங்கேயே தங்கவேண்டும். ஆதிராவை என் கணவரின் தங்கை பவானி மச்சாளிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அங்கே நீச்சல் தடாகத்தைச் சுற்றிச் சாய்மனைக் கதிரைகள். வெள்ளைக்கார விருந்தினர்கள் விடிந்ததும் வந்து, கதிரைக்கு ஒரு துவாயை விரித்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துவிடுவார்கள். மத்தியானம் வரைக்கும் அந்தக் கதிரைகளில் துவாய்கள் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். எடுக்கக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. தொங்காமல், விழாமல், கதிரையில் படுத்திருக்கிற துவாய்க்கு ராத்தாவின் சட்டத்தில் இடமும் இல்லை.

இந்த ஊரில் பிறந்து லண்டனில் இருக்கிற, அம்மா வயதுள்ள ஒரு அன்ரி குடும்பத்தோடு வந்தார். சுற்றிப் பார்த்தார். ஆட்களில்லாத கதிரைகளில் ஒன்றிலிருந்த துவாயை இரண்டு விரலால் தூக்கி, வடிவாக மடித்து என் கையில் தந்துவிட்டு, சாய்ந்து படுத்துவிட்டார். நான் பதறிப்போய், "அன்ரி, ஆக்கள் இடம் பிடிச்சு வைச்சிருக்கினம்" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

"எனக்கோ சொல்லுறீர்? நான் மூதூர் பஸ்ஸில யன்னலால லேஞ்சி எறிஞ்சு இடம் பிடிச்ச ஆள். சுத்திப் போய் ஏறுறதுக்குள்ள லேஞ்சிக்கு மேல ஒராள் இருப்பார். நான் அப்ப சண்டை பிடிச்சனானோ?"

விருந்தினர் சிரிப்பு

அந்தக் கிழமை முடிந்து பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். மச்சாளின் இடுப்பில் ஆதிரா இருந்தாள். இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். துவாய் மாற்ற வந்தவளுக்கு, பெயர் தெரியாதவளுக்கு, கதவைத் திறந்துவிட்டு விருந்தினர் சிரிக்கிற மரியாதையான சிரிப்பு. சிரித்துவிட்டு, முகத்தை மச்சாளின் தோளில் வைத்துக்கொண்டாள்.

"ஹொட்டேல் மணம், அதுதான்" என்று மச்சாள் பதறினார். "ஓடிப்போய்க் குளிச்சுப்போட்டு வாங்கோ." கிணற்றடியில் அள்ளி அள்ளி ஊற்றினேன். வீட்டில் உடுக்கிற பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், கூப்பிடாமல், நிலத்தில் பாயில் போய் இருந்தேன். ஆதிரா தூர இருந்து பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்தாள். ஒருமுறை என்னைச் சுற்றிப் போனாள். என் முழங்காலைப் பிடித்து எழும்பி, என் வாய்க்குள் விரலை விட்டு, பல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி மூச்சு விட்டாள். அப்படியே மடியில் சரிந்து நித்திரையாகிவிட்டாள். அவளுடைய தலைமயிர் என் ஈரக்கையில் ஒட்டியிருந்தது. வெளியே எங்கேயோ தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதற்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

கணவரிடம் சொல்லத்தான் பயம். ரூபன் ஓட்டோ ஓடுகிறவர். எனக்குக் கப்பல் வேலை கிடைத்ததில் என்னைவிட அவருக்குத்தான் புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். அவர் வந்து சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் பார்த்திருந்தேன். "இஞ்சேருங்கோ, நான் கப்பலுக்குப் போகேல்ல" என்றேன். அவர் பூசாத சுவரைப் பார்த்தார். என் மடியில் கிடந்தவளைப் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன்.

"ஸ்டாண்டில எல்லாருக்கும் சொல்லி, வடையும் வாங்கிக் குடுத்துப்போட்டன்" என்றார். குனிந்து, ஆதிராவின் காலில் இருந்த நுளம்பைத் தட்டிவிட்டார். "சரி, விடும். கப்பல் பிந்துது எண்டு சொல்லுறன்."

*

இத்தனை பேருக்குக் கட்டில் விரித்த அனுபவத்தில் முடிவாகச் சொல்வதென்றால், இரவில் எத்தனை தரம் எழுப்பினாலும் ஒரு நன்றி சொல்லாத, ஆனால் ஒரு கிழமை வேலைக்கு வராவிட்டால் ஆளையே மறந்துவிடுகிற ஒரு விருந்தினரிடம்தான் நான் நிரந்தர வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன்.